வடக்குச் சுவரில் ஒரு ஓட்டை

அந்த ஓட்டையை மட்டும் பாக்காதீங்க சார். வந்ததுல இருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. மேல சீலிங்கைப் பாருங்க. உங்க கையில இருக்கிற, சூடு பாக்குற துப்பாக்கி மெஷினை அங்க காட்டுங்க. எம்புட்டு வருது? பாத்தீங்களா. வெளிய தார் ரோட்டுல செருப்பு ஒட்டுது. உள்ள ஏசி கிடையாது, பேன் கூட மெதுவாத்தான் ஓடுது. இந்த விருதுநகர்ல இப்படி ஒரு வீடு வேற எவன் வெச்சிருக்கான்னு சொல்லுங்க.

உக்காருங்க. கை இப்படிக் கட்டுல கிடக்கிறதால டீ போட முடியாது, தண்ணி தாரேன். மாவுக்கட்டு எப்படின்னு கேக்குறீங்களா? அதைச் சொன்னாத்தான் அந்த ஓட்டைக்கும் காரணம் சொன்ன மாதிரி ஆகும். சொல்லிர்றேன். நீங்க வீட்டை அளந்து ஸ்டார் போடுறவர். உங்ககிட்ட மறைச்சு வாங்குற ஸ்டார் எனக்கு வேண்டாம்.

ஆனா அஞ்சு ஸ்டார் வேணும் சார். நாலு போட்டுட்டுப் போயிராதீங்க. அந்த சர்ட்டிபிகேட்டைக் கொண்டுபோய் சாத்தூர்ல என் பொண்டாட்டியோட அண்ணன் முன்னால வெக்கணும். அவ இப்ப அங்கதான் இருக்கா. சந்தனமாரின்னு பேரு. வீட்டுக்குள்ள வெக்கையே இல்லைன்னு வெளியாள் ஒருத்தர் மெஷின் வெச்சுப் பாத்து எழுதிக் குடுத்துருக்காருன்னு சொன்னா நம்பித்தானே ஆகணும். வெக்கை இல்லைன்னா எனக்குக் கோவம் வராது. கோவம் வராட்டா அவளை அனுப்பி வெக்கிறதுல அவங்களுக்கு என்ன கஷ்டம்?

சிரிக்காதீங்க. என் கோவத்துக்குக் காரணம் வெக்கை சார். இதை நான் சும்மா சொல்லல, கண்ணால பாத்துச் சொல்றேன். குவைத்துல பதினோரு வருஷம் இருந்தேன். கறி, மீனு வெக்கிற கோல்டு ஸ்டோரேஜ் ரூமுக்கு இன்சுலேஷன் போடுற வேலை. அந்தப் பதினோரு வருஷத்துல ஒருத்தன் மேல நான் கை வெச்சது இல்ல. போர்மேன் என் ஆத்தாளை இழுத்துத் திட்டுவான். ஒரு தடவை பூட்ஸைக் கழட்டி மூஞ்சியிலயே எறிஞ்சான், மூக்குல ரத்தம் வந்துருச்சு. நான் அந்த பூட்ஸை எடுத்துத் துடைச்சு அவன் காலுக்குப் பக்கத்துல வெச்சேன். சிரிச்சுக்கிட்டே வெச்சேன் சார். ஏன் கோவம் வரல? குளிர்ச்சி. உள்ளுக்குள்ள மனசு அப்படியே அடங்கிக் கிடக்கும்.

ஊருக்கு வந்தேன், எல்லாம் மாறிப்போச்சு. நாங்க அப்ப இருந்தது பின்னால தெரியுது பாருங்க, அந்த லைன் வீட்டுல. அந்த ஓட்டை வழியா எட்டிப் பாத்தாலே தெரியும். ஆறு வீடு, ஒரே கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவரு. அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் அந்த ஷீட்டு படபடன்னு வெடிக்கும். சோத்துத் தட்டைத் தரையில வெச்சா சோறு ஆறவே ஆறாது. அந்த நேரத்துல போய் ஒருத்தி, ‘குழம்புல உப்பு சரியா இருக்கா?’ன்னு கேட்டா எப்படி இருக்கும்? சொம்பைத் தூக்கி எறிஞ்சேன். அவ நெத்தியில பட்டுருச்சு. குறி பாத்து எறியல. வெக்கையில கை தானா போச்சு.

அடுத்த வீட்டுல எஸ்தரக்கா. இப்பவும் அந்த வீட்டுலதான் இருக்கு. ரெட்டை நாடி உடம்பு, புருஷன் இல்ல, அப்பம் சுட்டு விக்கும். எங்க வீட்டுல ஒரு சாமான் உருண்டாப் போதும், அம்மிக் குழவியைத் தூக்கிச் சுவத்துல இடிக்கும். டொம்மு டொம்முன்னு. நான் கையை ஓங்கினதும் சந்தனமாரி ‘அக்கா’ன்னு ஒரு கத்து கத்துவா. அந்தப் பக்கத்துல இருந்து உடனே டொம்முன்னு வரும். சுண்ணாம்பு உதிரும். அந்தச் சத்தத்தைக் கேட்டா என் கை அப்படியே நின்னுரும். மானம்னு ஒண்ணு இருக்கில்ல. வெளிய வந்தா ஆறு வீட்டுப் பொம்பளைகளும் வாசல்ல நின்னு என்னையே பாப்பாளுக. புருஷன் பொண்டாட்டி விவகாரத்துல குழவியைத் தூக்கிக்கிட்டு வர்ற ஊரு இது மட்டும்தான் சார்.

அப்பத்தான் முடிவு பண்ணேன். சந்தனமாரியை உக்கார வெச்சு நல்ல விதமாச் சொன்னேன். ‘இங்க பாரு, தப்பு உன் மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல. இந்த ஷீட்டு மேல. பின்னால காலி இடம் கிடக்கு, வாங்கிப் போடுறேன். எனக்குத் தெரிஞ்ச வேலையை என் வீட்டுக்கே செய்யுறேன். வெக்கை ஒரு சொட்டு உள்ள வராது. அந்த வீட்டுக்குப் போன நாள்ல இருந்து உன் மேல ஒரு விரல் படாது’ன்னு சொன்னேன். சத்தியம் பண்ணேன் சார், அவ தலையில கை வெச்சு. என் கையை அவ தலைக்குக் கொண்டு போனப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டா, பழக்கதோஷம். அப்புறம் நிமிந்து பாத்தா. நம்பினா சார். அவ என்னை நம்பினது இன்னைக்கும் என் கண்ணுல நிக்குது.

இந்த வீட்டைக் கட்டின கதையை ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க, நீங்களாச்சும் கேளுங்க. இந்தச் சுவரு ஒத்தைச் சுவரு இல்ல. ரெட்டைச் சுவரு. வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு, ரெண்டுமே அந்த எடை கம்மியான வெள்ளைக் கல்லு. நடுவுல சந்து விட்டு கிளாஸ்வுல், அதான் கண்ணாடிப் பஞ்சு, திணிச்சிருக்கேன். மாடியில கான்கிரீட்டுக்கு மேல கெட்டியான தெர்மாகோல் பலகை, அதுக்கு மேல கலவை, அதுக்கு மேல வெள்ளை ஓடு. வெயிலு வந்த வழியே திரும்பிப் போயிரும். ஜன்னல்ல எல்லாம் ரெட்டைக் கண்ணாடி. வாசக்கதவைத் தட்டிப் பாருங்க. சுத்தியும் ரப்பர். கோல்டு ரூம் கதவு எப்படியோ அப்படி. சாத்தினா ஒரு அமுங்கு அமுங்கும், அம்புட்டுத்தான். எறும்பு நுழையாது.

கொத்தனார் மூக்கையான்னு ஒரு ஆளு. நல்ல வேலைக்காரன்தான், ஆனா கிளாஸ்வுல் உடம்புல அரிக்குதுன்னு சொல்லிட்டு ஒரு மூலையில திணிக்காமலே கல்லை வெச்சு மூடிட்டான். நான் சுவத்தைத் தடவிப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டேன், அந்த மூலை மட்டும் சுட்டுச்சு. அங்க கிடந்த மட்டக்கோலை எடுத்தேன். கொத்தனாருங்க கலவை இழுப்பாங்க இல்ல, நீளமா அலுமினியத்துல, அது. முதுகுல போட்டேன். சாரத்துல இருந்து இறங்கக்கூட விடல. ரெண்டாவது அடியில கீழ விழுந்தான். விழுந்தவனை எந்திரிக்கச் சொல்லி, உடைச்சுத் திணிடான்னு நின்னேன். திணிச்சான். அழுதுக்கிட்டே திணிச்சான். மறுநாள் வரல, மட்டக்கோலைக்கூட எடுக்க வரல. அது இந்த வீட்டுலயே கிடந்துச்சு. அப்ப இந்த வீட்டுக்குக் கூரை இல்ல சார், மொட்டை வெயில்ல நிக்கிறோம். அதையும் கணக்குல எடுத்துக்கணும்.

சந்தனமாரி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ‘ஏங்க, அடுப்படியில வடக்கால ஒரு சின்ன ஜன்னல் வைங்க. எஸ்தரக்கா அடுப்படி எதுத்தாப்புல வருது. ரெண்டு வார்த்தை பேசிக்கிருவேன்’னா. வடக்குல இருந்து வெயிலு அம்புட்டா வராதுதான், எனக்கும் தெரியும். ஆனா ஓட்டைன்னா ஓட்டைதானே. அந்த லைன் வீட்டு ஷீட்டுல அடிக்கிற அனலு நேரா இங்கதான் வரும். வேண்டாம்னுட்டேன். அவ திரும்பக் கேக்கல. அவ எதையும் ரெண்டாந்தடவை கேக்க மாட்டா, நல்ல பழக்கம்.

இன்னொண்ணு கேட்டா, மறந்துட்டேன். குவைத்துல கோல்டு ரூம் கதவுல உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். வெளிய பூட்டினாலும் அதைத் தள்ளினாத் திறந்துரும். உள்ள எவனாச்சும் மாட்டிக்கிட்டா கத்தினாலும் வெளிய கேக்காது, அதுக்காக வெச்சது. குமிழ் கெட்டுப்போன ரூம்ல ஒரு நேபாளிப் பையன் மாட்டிக்கிட்டான். திறந்து பாத்தப்ப அவன் விரல் எல்லாம் கதவுல தட்டித் தட்டி நைஞ்சு போயிருந்துச்சு. நான் இதை ஒரு நாள் அவகிட்ட சொல்லியிருந்தேன், பேச்சுவாக்குல. கதவு மாட்டுற அன்னைக்கு, ‘நம்ம கதவுக்கு அந்தக் குமிழ் உண்டா?’ன்னு கேட்டா. ‘அடி கிறுக்கி, அது கறி வெக்கிற ரூமுக்கு. இது வீடு’ன்னு சொன்னேன்.

பால் காய்ச்சினோம். எஸ்தரக்காவும் வந்துச்சு. சுவத்தை விரலை மடக்கித் தட்டிப் பாத்துச்சு. ‘என்ன வேலு, சத்தமே வரல’ன்னுச்சு. நான் பெருமையா, ‘வராதுக்கா’ன்னேன். அது சந்தனமாரியைப் பாத்துச்சு.

நல்லாத்தான் இருந்தோம் சார், கொஞ்ச நாள். வெளிய அனலு, உள்ள ஜிலுஜிலு. அப்புறம் ஒரு நாள் மதியம், என் செல்போன் சார்ஜரை ‘எங்கடி வெச்ச?’ன்னு கேட்டேன். தெரியாதுன்னா. அம்புட்டுத்தான். கன்னத்துல ஒண்ணு விட்டேன், அவ போய்ச் சுவத்துல விழுந்தா. விட்டதும் எனக்கே அதிர்ச்சி. என்னடா இது, கோவம் வரக்கூடாதேன்னு. அவளும் என்னையே பாக்குறா. அவ கண்ணுல நான் சத்தியம் பண்ணினது அப்படியே தெரியுது. யோசிச்சேன். அப்புறம்தான் பிடிபட்டுச்சு. எங்கயோ வெக்கை உள்ள வருது.

வீடு பூராத் தேடினேன். பாத்ரூம் வெண்டிலேட்டர். கையை வெச்சுப் பாத்தேன், லேசா அனலு. அன்னைக்கே அடைச்சேன். ‘இனிமே ஒண்ணும் இல்ல, கண்டுபிடிச்சிட்டேன்’னு அவகிட்ட சொன்னேன். அவ சரின்னா.

அப்புறம் ஒரு தடவை. அது என்னத்துக்குன்னு ஞாபகம் இல்ல. முடியைப் பிடிச்சு இழுத்துட்டேன், கொத்தாக் கையோட வந்துருச்சு. அன்னைக்கு அடுப்படி புகை போக்கி பேனைக் கழட்டிட்டு அந்த ஓட்டையை அடைச்சேன். அடுத்தது ஜன்னல். ஜன்னலைத் திறந்து திறந்து மூடுறதால ரப்பர் தேயுதுன்னு எல்லா ஜன்னலையும் திறக்க முடியாதபடி பசை போட்டு மூடினேன். அதுக்கு முந்தின நாள் அவ விலாவுல மிதிச்சிருந்தேன். ஒவ்வொரு தடவையும் எங்க கசியுதுன்னு கண்டுபிடிச்சு அடைச்சேன் சார். வேற எந்தப் புருஷன் இம்புட்டுப் பாடுபடுவான்? அடிச்சிட்டுப் பிராந்திக்கடைக்குப் போறவன்தான் ஊர்ல இருக்கான். நான் அடிச்சிட்டு வெண்டிலேட்டர் அடைச்சேன்.

நான் வெளிய போனா வாசக்கதவைப் பூட்டிட்டுத்தான் போவேன். தப்பா நினைக்காதீங்க. பூட்டினாத்தான் ரப்பர் நல்லா அமுங்கும், சும்மா சாத்தினா நூல் அளவு இடைவெளி இருக்கும். அவ செல்போனையும் நானே வாங்கி வெச்சுக்கிட்டேன். யாராச்சும் கூப்பிட்டா வாசல்ல போய் நின்னு கதவைத் திறந்து வெச்சுக்கிட்டே பேசுவா. வெக்கை வரும்ல.

ஒரு விஷயம் சொல்றேன், இதை எழுத வேண்டாம். லைன் வீட்டுல அடிச்சா எனக்கு மூச்சு வாங்கும். ரெண்டு அடி அடிக்கிறதுக்குள்ள வேர்த்து ஊத்தி, கை வழுக்கி, போடீன்னு உக்காந்துருவேன். இங்க வேர்க்கல சார். கை ஓயல. நான் எப்ப நிறுத்தணும்னு எனக்கே தெரியல. அங்க குழவிச் சத்தம் வந்துரும், நிறுத்திருவேன். இங்க அவளும் மொதல்ல எல்லாம் ‘அக்கா’ன்னு கத்திப் பாத்தா. வடக்குச் சுவத்துல உள்ளங்கையால தட்டுவா. பத்தடி தள்ளி எஸ்தரக்கா மாவு கரைச்சுக்கிட்டு இருக்கும், அதுக்கு ஒண்ணும் கேக்காது. அப்படி ஒரு சுவரு. கொஞ்ச நாள்ல அவ கத்துறதையே விட்டுட்டா. அது எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. கத்தாம அடி வாங்குறவளைப் பாத்தா கோவம் கூடத்தான் வருது. அன்னைக்குத்தான் அவ கை.

முறுக்கினேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல பட்டுன்னு ஒரு சத்தம், முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி. ரத்தக்கட்டுதான்னு நினைச்சு எண்ணெய் போட்டு துணியால நானே சுத்தி விட்டேன். இறுக்கமாச் சுத்துறது எனக்குப் பழகின வேலை, எத்தனை குழாய்க்குச் சுத்தியிருக்கேன். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா. அந்த வடக்குச் சுவத்தை.

மறுநாள் நான் வீட்டுல இருந்தப்பவே துணி காயப் போட மாடிக்குப் போயிருக்கா. மாடிக்குப் போக உள்ளேயே படி இருக்கு, நான் வீட்டுல இருக்கிறப்ப மட்டும்தான் மேல கதவைத் திறந்து விடுவேன். ஈரச் சேலையை ஒத்தைக் கையால உதறித் தோள்ல போட்டு, வாயால கடிச்சு இழுத்துக் கொடியில போட்டுருக்கா. எஸ்தரக்கா அடுப்படி வாசல்ல இருந்து நிமிந்து பாத்துருக்கு. அம்புட்டுத்தான். இந்த வீட்டுல நான் அடைக்காம விட்டது அந்த மாடி ஒண்ணுதான் சார். அதுதான் நான் பண்ணின தப்பு.

எஸ்தரக்கா சாத்தூருக்குப் போன் போட்டுருக்கு. அடுத்த நாள் விடிஞ்சதும் சந்தனமாரியோட அண்ணன் காளிராஜ் வந்துட்டான், தம்பி சோலையையும் கூட்டிக்கிட்டு. ரெண்டு பேரும் மூட்டை தூக்குற ஆளுங்க. நான் மரியாதையா, ‘வாங்க மச்சான்’னு கதவைத் திறந்தேன். காளிராஜ் உள்ள வந்து சுத்தியும் பாத்தான். தங்கச்சி கையில சுத்தின துணியைப் பாத்தான். ‘சோலை, அக்காவைக் கூட்டிட்டுப் போய் எஸ்தரக்கா வீட்டுல உக்கார வை’ன்னான். சோலை கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தான். வந்ததும் காளிராஜ் என்ன சொன்னான்னு கேளுங்க. ‘கதவை நல்லாச் சாத்துடா. வெக்கை உள்ள வருது பாரு, மாப்ளைக்கு ஆகாது.’

சாத்தினான் சார். அமுங்குச்சு.

மூலையில அந்த மட்டக்கோல் கிடந்துச்சு, மூக்கையா விட்டுட்டுப் போனது. சோலை அதை எடுத்தான். நான் எத்தனையோ பேர் அடிச்சுப் பாத்துருக்கேன், ஆனா இப்படி நிதானமா அடிக்கிறதைப் பாத்ததே இல்ல. ஒருத்தன் ஓய்ஞ்சா இன்னொருத்தன். ஓய்ஞ்சாங்கன்னுகூடச் சொல்ல முடியாது, அவங்களுக்கும் வேர்க்கல. காளிராஜ் நடுவுல ஒரு தடவை சட்டைக் காலரைத் தூக்கிப் பாத்து, ‘நல்ல வீடு மாப்ள, ஜிலுஜிலுன்னு இருக்கு’ன்னான். மாப்ள மாப்ளன்னுதான் சொன்னான், மரியாதை குறையல. உதடு கிழிஞ்சு, பல்லு ரெண்டு தரையில கிடந்துச்சு. நான் கத்தினேன். என் தொண்டையில இருந்து அப்படி ஒரு சத்தம் வரும்னு எனக்கே தெரியாது. ஆத்தாளைக் கூப்பிட்டேன், சாமியைக் கூப்பிட்டேன், எஸ்தரக்காவைக் கூப்பிட்டேன். கடைசியில என் கையை மடியில வெச்சு காளிராஜ் முறுக்கினான். இந்தக் கை. அவளுக்கு எந்தக் கையோ அதே கை. பட்டுன்னு கேட்டுச்சு.

போறப்ப என் பாக்கெட்டுல இருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கிட்டாங்க, மாடிக்கதவுச் சாவியும் அதோடதான் இருந்துச்சு. வெளிய பூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் கதவு வரைக்கும் தவழ்ந்து வந்துட்டேன். உள்பக்கம் தடவித் தடவிப் பாத்தேன். குமிழைத் தேடினேன் சார். நானே வேண்டாம்னு சொன்ன குமிழ், ஆனா கை அதைத்தான் தேடுது. தட்டினேன். இடது கையால தட்டினேன், அப்புறம் நெத்தியால தட்டினேன். அந்த நேபாளிப் பையன் ஞாபகம் வந்துருச்சு. செல்போன் சோபாவுக்கு அடியில எங்கயோ சிதறிக் கிடந்துச்சு. வீடு மட்டும் குளுகுளுன்னு இருக்கு. அன்னைக்கு ஊர்ல நூத்தியெட்டு டிகிரி.

காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடந்தேன். வெளிச்சம் மங்குற நேரத்துல கதவு திறந்துச்சு. யாருன்னு நினைக்கிறீங்க? எஸ்தரக்கா. கையில என் வீட்டுச் சாவி. காளிராஜ் போறப்ப அது கையிலதான் குடுத்துட்டுப் போயிருக்கான். காலையிலயே குடுத்துட்டான் சார். சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு, பகல் பூராவும் பத்தடி தள்ளி அப்பம் சுட்டுருக்கு. வித்துருக்கு. மொச்சை உரிச்சிருக்கு. லைன் வீட்டுல ஒரு சொம்பு உருண்டதுக்குக் குழவியைத் தூக்கின பொம்பளை அது.

கேட்டேன். வாயில ரத்தம் காஞ்சு ஒட்டிக் கிடக்கு, அப்படியும் கேட்டேன். ‘ஏன்க்கா, நான் கத்தினது உனக்குக் கேக்கவே இல்லையா?’

அது என்னை ஒரு பார்வை பாத்துச்சு. ‘உன் வீட்டுச் சத்தம் என்னைக்குத் தம்பி வெளிய கேட்டுருக்கு?’ன்னுச்சு. தண்ணி குடுத்துச்சு, ஆட்டோ கூப்பிட்டு விட்டுச்சு, அப்பம் வேகுதுன்னு போயிருச்சு.

அது சொன்னது சரிதான். நான் கட்டின சுவரு அப்படி. ஸ்டேஷன்ல புகார் குடுக்கப் போனேன். ‘அக்கம்பக்கத்துல சத்தம் கேட்டவங்க யாராச்சும் இருக்காங்களா?’ன்னு கேட்டாங்க. யாரைக் காட்டுவேன்? தெருவுல ஒருத்தனும் கேட்டேன்னு சொல்ல மாட்டேங்குறான். மனசு விட்டுப்போச்சு சார். ஒரு மனுஷனை அவன் வீட்டுக்குள்ளயே போட்டு அடிக்கிறாங்க, அவன் கத்துறான், ஒரு நாய்கூட வந்து எட்டிப் பாக்கல. இந்த உலகத்துல நியாயம்னு ஒண்ணு இருக்கா? ஒருத்தர் கத்தினா நாலு பேருக்குக் கேக்கணுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.

அதான் அந்த ஓட்டை. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே கடப்பாறையை எடுத்தேன். ஒத்தைக் கையாலதான். உள்சுவரு, கிளாஸ்வுல், வெளிச்சுவரு, எல்லாத்தையும் இடிச்சேன். என்னமோ என் நெஞ்சுலயே குத்துற மாதிரி இருந்துச்சு, அம்புட்டுப் பாத்துப் பாத்துக் கட்டினது. எந்த இடத்துல இடிக்கன்னு யோசிக்கல. அடுப்படி வடக்குச் சுவரு, சந்தனமாரி ஜன்னல் கேட்ட இடம். அங்கதானே எஸ்தரக்கா வீடு பக்கம். இப்ப அதுக்குக் கீழதான் பாய் போட்டுப் படுக்குறேன். காளிராஜ் திரும்ப வந்தா?

இப்ப நீங்க வந்து அந்த ஓட்டை இருந்தா அஞ்சு ஸ்டார் கிடையாதுன்னு சொல்றீங்க. எனக்கும் தெரியும், இன்சுலேஷன் படிச்சவன்தானே. ஆனா என் நிலைமையைப் பாருங்க. ஓட்டையை மூடினா எனக்குப் பயமா இருக்கு. மூடாட்டா ஸ்டார் வராது, ஸ்டார் வராட்டா அவ வர மாட்டா. அவ வந்துட்டா எல்லாம் சரியாயிரும் சார். கோர்ட்டுல கேஸ் குடுத்துருக்காளாம், அவ கை எலும்புல பிளேட்டு வெச்சுருக்காங்களாம். அதெல்லாம் பேசிக்கலாம். சர்ட்டிபிகேட்டைப் பாத்தா அவளே புரிஞ்சுக்குவா.

அதுக்கு ஒரு வழி யோசிச்சு வெச்சுருக்கேன். இந்தா பாருங்க, தெர்மாகோல் துண்டு. ஓட்டை அளவுக்கு அறுத்து வெச்சுட்டேன், கச்சிதமாப் போய் உக்காரும். இதைச் சொருகினா உங்க மெஷினுக்கு ஓட்டையே தெரியாது. வேணும்கிறப்ப ஒரு தள்ளுத் தள்ளினா வெளிய விழுந்துரும். உங்களுக்கும் ஸ்டார் போட்ட மாதிரி ஆச்சு, எனக்கும் தைரியம். ஒரே ஒரு சந்தேகம்தான். சொருகி இருக்கிறப்பவும் சத்தம் கொஞ்சமாச்சும் வெளிய கேக்குதான்னு தெரியணும். ஒத்தை ஆளா இருந்துக்கிட்டு அதை எப்படிப் பாக்குறது? எஸ்தரக்காவைக் கேட்டா ரெண்டு நாளா ‘அப்புறம் பாக்கலாம்’ங்குது.

நீங்க கொஞ்சம் உதவி பண்ணுங்க. பையை இங்கயே வெச்சுட்டு, சுத்திப் போய் அந்த அடுப்படி வாசல்ல நில்லுங்க. எஸ்தரக்கா ஒண்ணும் சொல்லாது. நான் ஓட்டையில இதைச் சொருகிட்டு, வாசக்கதவைப் பூட்டிட்டு, இந்தச் சுவத்துக்கிட்ட நின்னு கத்துறேன். என்ன கத்துறதா? ‘அக்கா’ன்னு கத்துறேன். அவ அதைத்தான் கத்துவா.

கேட்டா கேட்டுச்சுன்னு சொல்லுங்க, கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க. எஸ்தரக்கா அன்னைக்குச் சொன்ன மாதிரி மட்டும் சொல்லிராதீங்க சார்.